எல்சியை எப்போது இறக்குவது

கத்திவாக்கம்
10.2.1998

ரமாபாய் அவர்களுக்கு,

என் சாஃப்ட்பால் பனியனை மதியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். துவைக்கவில்லை. துவைக்க அதில் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலியோரம் நின்றவளுக்கு எங்கே வியர்க்கும்?

நீங்கள் கேப்டன் என்பதால் "அவர்களுக்கு" என்று போட்டேன். இனிமேல் நமக்குள் இந்த மரியாதை போதும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன். மூன்றாவது இன்னிங்ஸில் மதியின் பந்தை அந்த அண்ணா நகர் பெண்கள் பிரித்து மேய்ந்தார்கள். மூன்று பேஸிலும் ரன்னுக்கு ஓட ஆள் நிற்கிறது, ஒருத்திகூட அவுட் இல்லை. பந்து போடும் பிட்சருக்கு நேர் பின்னால், மைதானத்துக் கோடி வேலியில், நான் கையைச் சுழற்றிச் சூடு பண்ணிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே மட்டைக்காரிக்குப் பின்னால் பந்து பிடிக்க உட்கார்ந்திருந்த நீங்கள் முகமூடியைக் கழற்றினீர்கள். சரி, கூப்பிடப் போகிறீர்கள் என்று இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். நீங்கள் உள்ளங்கையைக் காட்டினீர்கள். இரு என்று அர்த்தம். இருந்தேன். நாலு ரன் போனது.

அப்புறம் அம்பயர் அத்தாவுல்லா பாயோடு ஒரு அவுட்டுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டீர்கள். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்தாவது முடிவதற்கும் கம்பெனியில் நாலு மணிச் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. சங்கு ஊதினால் லோடு லாரிகளுக்கு மைதானத்தைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும், அதுவரை முடிந்த ஆட்டம்தான் ஆட்டம். இந்தச் சட்டம் திருவொற்றியூரில் பந்து பொறுக்கிப் போடுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நாலுக்கு மூன்று, தோற்றோம். ஏழாவது இன்னிங்ஸுக்கு, ஏழாவது இன்னிங்ஸுக்கு என்று என்னைப் பொத்தி வைத்தீர்களே, அந்த ஏழாவது எங்கே போனது?

வெளியே வரும்போது கேட்டில் இருந்த வாட்ச்மேன் கேட்டார். "இன்னாம்மா, நீ ஆடவே இல்லியா? சொம்மா வேடிக்க பாக்கவா பனியன் போட்டுகினு வந்த?"

மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. மாநில அணியில் ஆடினால்தான் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கேட்க முடியும். அதற்கும் வயது இருக்கிறது. அடுத்த வருஷம் போனால் எனக்கு அதுவும் போச்சு. ராயபுரம் வீட்டைவிட்டு இங்கே சின்னம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இறால் ஷெட்டில் சேர்ந்திருக்கிறேன். இனி பயிற்சிக்கு வர மாட்டேன்.

எல்சி

வியாசர்பாடி
19.2.1998

எல்சி,

நீ "அவர்களுக்கு" என்று போட்டிருந்ததை அப்பாவிடம் காட்டினேன். "இன்னாடி இது, கோர்ட்டு நோட்டீசா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருஷமாக ரமாக்கா, ரமாக்கா என்று பின்னால் சுற்றிய பெண்ணுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான் "அவர்கள்" ஆகிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கோபப்படாமல் படி. உன் தோள் ஒரு இன்னிங்ஸுக்கு மேல் தாங்காது. அந்த ஒரு இன்னிங்ஸில் இந்த ஊரில் உன்னைத் தொட ஆள் கிடையாது. அடுத்ததில் நீ போடுவதை என் தங்கைகூட அடிப்பாள். ஒரே குச்சி இருக்கிற தீப்பெட்டியை வைத்துக்கொண்டு நான் சாயங்காலத்திலேயே உரசிவிட்டால் அப்புறம் என்ன செய்வேன்? மூன்றாவதில் நாலு ரன் போனால் திருப்பி எடுக்க நாலு இன்னிங்ஸ் இருக்கிறது. ஏழாவதில் ஒரு ரன் போனால்கூடத் திருப்பி எடுக்க ஒன்றுமில்லை. எந்தக் கேப்டனும் தன்னிடம் இருக்கிற நல்ல கையைக் கடைசிக்குத்தான் வைப்பாள்.

அத்தாவுல்லா பாயிடம் நான் வாய் கொடுத்திருக்கக் கூடாது. அது உண்மை. சங்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

நேற்று நீ இல்லாமல் பயிற்சி. அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து எப்போதும் போல விரல் நுனிகளில் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கம்பெனிப் புகையில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் என் சைகை யாருக்குத் தெரியும்? மதிக்கு ஒரு விரல் காட்டினால் வேகப் பந்து, இரண்டு விரல் காட்டினால் மெதுப் பந்து. அவளுக்கு அவ்வளவுதான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டுகிற சைகை, மட்டைக்கு முன்னால் வந்து பொத்தென்று விழுமே உன் முங்கு பந்து, அதற்கு மட்டும்தான். நேற்று அந்த இரண்டு விரலிலும் சுண்ணாம்பு தடவ வேண்டியிருக்கவில்லை. பழக்கத்தில் தடவிவிட்டேன்.

பனியன் என் பெட்டியில் இருக்கிறது. உன்னுடையதாகத்தான் இருக்கிறது.

ரமாக்கா

கத்திவாக்கம்
5.7.1998

ரமாபாய்க்கு,

உடனே பதில் போடக் கூடாது என்று இருந்தேன். அப்புறம் போட நேரமில்லை. ஷெட்டில் காலையில் ஐஸ் பெட்டி தூக்க வேண்டும், பிறகு நின்றுகொண்டே இறால் உரிக்க வேண்டும். விரல் மரத்துவிடும். வீட்டுக்கு வந்து பேனா பிடித்தால் எழுத்து என் எழுத்து மாதிரியே இல்லை. எத்தனை சோப்பு போட்டாலும் நாற்றம் போகவில்லை. கோவிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார்கள்.

உன் தீக்குச்சி நியாயத்தை ஷெட்டில் நின்றுகொண்டு பல நாள் யோசித்தேன். யோசிக்க அங்கே வேறு ஒன்றும் கிடையாது. கடைசி இன்னிங்ஸில் என்ன இருக்கிறது என்று நீ அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்? அது கடைசியில் வருகிறது, அவ்வளவுதான். பல ஆட்டத்தில் மூன்று ரன் முன்னால் நிற்கும்போது ஏழாவதில் வந்து போட்டிருக்கிறேன். அங்கே மதி போட்டிருந்தாலும் ஜெயித்திருப்போம். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் பெரிய ஆள் மாதிரி வந்தேன். உன் தெருவுக்குத் தண்ணி லாரி நாலு நாளைக்கு ஒரு தரம் வரும். ஒரே ஒரு குடம் இருக்கும்போது பக்கத்துக் குடிசை பற்றிக்கொண்டால், ராத்திரி சோறு வடிக்க வேண்டும் என்று குடத்தை மூடி வைப்பாயா? சோறு வடிக்க முதலில் வீடு இருக்க வேண்டாமா?

மூன்று பேஸிலும் ஆள் நின்ற அந்த நேரம்தான் ஆட்டம். அது எந்த இன்னிங்ஸில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது பார்க்கத் தெரிந்தவள்தான் கேப்டன். உனக்குத் தெரியும், அதனால்தான் கோபம். தெரியாதவளாக இருந்தால் விட்டிருப்பேன்.

தோள் வலிக்கிறது. பந்து போட்டு வந்த வலி இல்லை, ஐஸ் தூக்கி.

எல்சி

வியாசர்பாடி
20.12.1998

எல்சி,

இந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எப்படி என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. மதி தேறியிருக்கிறாள், ஆனால் பேஸில் ஆள் நின்றால் பந்தைக் கண்டபடி வீசிவிடுகிறாள். ஜனவரி 31, அதே கம்பெனி மைதானம். இந்த முறை காலை பதினொன்றுக்கே ஆட்டம். சங்கு நம்மை ஒன்றும் பண்ணாது, நான் அத்தாவுல்லா பாயைக் கட்டிப் புரண்டாலும் ஏழு இன்னிங்ஸ் முடியும். உன் பெயரை நான் அணியிலிருந்து எடுக்கவில்லை.

உன் தண்ணிக் குடக் கடிதத்தை ஐந்து மாதமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஏனென்றால் நீ சொல்வது சரி. போன பிப்ரவரியிலேயே அது சரி என்று எனக்குத் தெரியும். நான் எழுதிய தீக்குச்சிக் கதையெல்லாம் வாய்க்கு வந்தது. உண்மையைச் சொன்னால் நீ இன்னும் கோபப்படுவாய் என்று சொல்லவில்லை. சொல்லாமல் வைத்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆள் எடுக்க வருகிறவர்கள் எந்த வருஷமாவது ஐந்தாவது இன்னிங்ஸுக்கு முன்னால் வந்து பார்த்திருக்கிறாயா? அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் யாராக இருந்தாலும் அப்படித்தான். வந்து உட்கார்ந்ததும் கடைசியில் யார் போடுகிறாளோ அவள் பெயரைத்தான் கேட்பார்கள். "மூணாவதுல ஒரு பொண்ணு போட்டா பாரு" என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னால் நம்புவார்களா?

அதனால்தான் உள்ளங்கையைக் காட்டினேன். நாலு ரன் போகிறது என்று தெரிந்தே காட்டினேன். உன் ஒரு இன்னிங்ஸை அவர்கள் கண் முன்னால் போட வைக்க வேண்டும் என்று, மற்ற எட்டுப் பேரின் கோப்பையை எடுத்துப் பணயம் வைத்தேன். கோப்பையும் போச்சு, நீயும் போனாய்.

வா. பனியன் இருக்கிறது.

ரமாக்கா

கத்திவாக்கம்
27.12.1998

ரமாக்கா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. நடுச்சாமப் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாமி மன்னிக்கட்டும்.

யார் உன்னைக் கேட்டார்கள்? எனக்காக நீ தோற்கப் போகிறாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? பத்து மாதமாக உன்னை விவரம் கெட்டவள் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன், அது சுலபமாக இருந்தது. இப்போது யாரைத் திட்டுவது? அந்த எட்டுப் பேரும் என்னைப் பார்க்க வந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நல்லது பண்ணுகிறேன் என்று நீ பண்ணினதை என்னால் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மேலே எழுதப் போவது எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு நாளாகக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன்.

ஷெட்டில் என் பக்கத்தில் நின்று உரிக்கிற அக்கா அங்கே சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. அவள் விரல் நீட்டினால் நேராக நிற்பதில்லை. அவள் என்னிடம், "நீ இன்னாத்துக்கு இங்க வந்து கீற? உனுக்குத்தான் பந்து போடத் தெரியுமாமே" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். அன்றிலிருந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற மார்ச்சோடு எனக்கு வயது தாண்டுகிறது. குடம், குடிசை, நெருப்பு என்று நான் எழுதியதையெல்லாம் நீ மறந்துவிடு. என்னைக் கடைசிக்கே வை. மூன்றாவதில் பற்றினாலும் நாலாவதில் பற்றினாலும் கூப்பிடாதே. அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு கூப்பிடு.

கேட்கவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

எல்சி

வியாசர்பாடி
2.1.1999

எல்சி,

நீ இவ்வளவு கூசியிருக்க வேண்டாம். ஷெட்டில் நிற்கிறவள் நீதான், நான் இல்லை.

வைக்கிறேன். என்ன ஆனாலும் ஏழாவதுக்கு முன்னால் உன்னை நான் கூப்பிட மாட்டேன். பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். உன்னிடம் சொல்லாமல் பண்ணின தப்பை அவர்களிடமும் பண்ண வேண்டாம் என்று பார்த்தேன். அப்புறம் மதிதான், "எல்சிக்கா வரட்டும்க்கா, நான் எப்டினா இஸ்துகினு போறேன்" என்றாள். மற்றவர்கள் கையுறையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். ஒத்துக்கொண்டார்களா, அலுத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பயிற்சிக்கு வா. ஒன்றே ஒன்று. ஆட்டத்தன்று தனியாகப் போய் அந்தக் கோடி வேலியில் நிற்காதே. பெஞ்சில் எங்களோடு உட்கார்.

ரமாக்கா

வியாசர்பாடி
4.2.1999

எல்சி,

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசவே முடியவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் குதித்த குதியில் நீ எப்போது பஸ் ஏறினாய் என்றுகூடத் தெரியவில்லை. நேற்று மாநில அணியின் பெயர்கள் வந்துவிட்டன. உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்ல வேண்டும். மதியை எடுத்திருக்கிறார்கள். உன்னை எடுக்கவில்லை.

ஆறாவது இன்னிங்ஸில்தான் வந்தார்கள். வழக்கம் போல லாரி. அவர்கள் பார்த்தது, மதி நிதானமாக ஏழாவதைப் போட்டு முடித்ததை. நான் முகமூடியைக்கூடக் கழற்றாமல் அவர்களிடம் ஓடினேன். "நாலாவது இன்னிங்ஸ் போட்ட பொண்ண நீங்க பாத்திருக்கணும் சார், மூணு பேஸ்லயும் ஆளு, ஒரு ரன்னு உடல" என்றேன். அவர்களில் வயதானவர் நல்ல மனுஷர். "பாத்ததத்தானம்மா நாங்க எழுத முடியும்" என்றார்.

நான் உன்னைக் கூப்பிடவில்லை எல்சி. இதை நீ நம்ப வேண்டும். நாலாவதில் மதியின் பந்து கண்டபடி போக ஆரம்பித்தபோது, பேஸ் மூன்றும் நிறைந்தபோது, போகட்டும், கோப்பை போனால் போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். போன வருஷமே ஒரு தரம் விட்டாயிற்று, விடுவது பழகிவிட்டது. முகமூடியைக் கழற்றவில்லை. உன் பக்கம் பார்க்கவில்லை. கையை ஆட்டவில்லை. நீ பாட்டுக்கு மைதானத்துக் கோடியிலிருந்து நடந்து வந்தாய். மதி கையிலிருந்து பந்தை வாங்கி, "நீ அந்தாண்ட நில்லு, மூச்சு வாங்கிக்க" என்றாய். அத்தாவுல்லா பாய் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், சரி என்று தலை ஆடிவிட்டது.

மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். கடைசிப் பந்து என் கையுறையில் விழுந்ததும் உன் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

கடைசிக்கு வை என்று நீயே கேட்டாய். நானும் வாக்குக் கொடுத்தேன். பெண்களும் பொறுத்துக்கொண்டார்கள். எல்லாம் உனக்காகத் தயாராக இருந்தது. இன்னும் மூன்று இன்னிங்ஸ், அவ்வளவுதான் நீ நிற்க வேண்டியிருந்தது. ஏன் வந்தாய்? கோப்பை என் வீட்டு டிவி மேல் இருக்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ரமாக்கா

கத்திவாக்கம்
11.2.1999

ரமாக்கா,

பெயர் வந்த விஷயம் தெரியும். மதியே ஷெட்டுக்கு வந்து, வாசலில் நின்று, சொல்ல முடியாமல் அழுதாள். அவளைத் தேற்றி பஸ் ஏற்றிவிட்டு வந்து மிச்சம் இருந்த இறாலை உரித்தேன். ராத்திரி நானும் அழுதேன். நன்றாகவே அழுதேன், சின்னம்மா எழுந்து வந்து விளக்கைப் போடுகிற அளவுக்கு. எனக்குக் கோபம் இருக்கிறது. உன்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியாததால் அது எங்கும் போகாமல் கூடவே இருக்கிறது.

பனியன் என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் துவைக்கவில்லை.

ஏன் வந்தேன் என்று கேட்கிறாய். நல்ல மனசு என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. மதி அழுதாலும் கோப்பை போனாலும் அசையக் கூடாது என்றுதான் நின்றேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் மனசு மாறிவிடுமோ என்று பயந்துதான், நீ பெஞ்சில் உட்காரச் சொல்லியும் கேட்காமல் அந்தக் கோடி வேலிக்கே போனேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அது பிட்சருக்கு நேர் பின்னால். அங்கிருந்து உன்னைத் தவிர வேறு எதுவும் நேராகத் தெரியாது.

நீ முகமூடியைக் கழற்றவில்லை, அது உண்மை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. வாக்கை நீ மீறவே இல்லை. ஆனால் பேஸ் மூன்றும் நிறைந்ததும் உன் கை முழங்காலுக்கு நடுவே இறங்கியது. மதி புரியாமல், மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நீ மறுபடியும் அதையே காட்டினாய். அவள் மறுபடியும் ஆட்டினாள். நீ மூன்றாம் தரமும் காட்டினாய். உனக்கு நினைவிருக்காது என்று உன் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துகொண்டேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்தப் புகையிலும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது, ரமாக்கா. கட்டைவிரல், சுண்டுவிரல்.

அந்தப் பந்து மதியிடம் கிடையாது. நீ மூன்று தரம் கேட்டுவிட்டாய், நான் எப்படி நின்றுகொண்டிருப்பேன்?

எல்சி